மருந்தும் துணையும்

சென்னை மாநகரின் தென்பால் அமைந்த மயிலாப்பூர், பழமையும் புதுமையும் ஒருங்கே விளங்கும் பேரூர் ஆகும். அங்குள்ள கபாலீசுவரர் திருக்கோயிலையும் தெப்பக்குளத்தையும் மாடவீதிகளையும் அறியாதார் இலர். அவ்வூரிலேயே திருவள்ளுவருக்கும் ஒரு கோயில் உண்டு என்பதை அறிந்தார் சிலரே. வள்ளுவர் பிறந்த ஊர் மயிலையே என்பது செவிவழிச் செய்தி. அது மெய்யோ பொய்யோ, அதனை ஆராய்தல் ஈண்டு நம் கருத்தன்று. அப்பெருமான் ‘மருந்து’ என்னும் பெயரால் ஓர் அதிகாரம் வகுத்து, அதன் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று உரைத்திருப்பதே ஈண்டுக் கருதத்தக்கது. நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, அம்மருந்தைப் பிழையாமல் கொடுத்து அருகிலிருந்து பேணுவோன் ஒருவன். இந்நான்கும் கூடிய வழியே பிணி நீங்கும் என்பது அவர் துணிபு.

அக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், நான்கனுள் ஒவ்வொன்றும் மீண்டும் நந்நான்கு இயல்புகளை உடையது என விரித்தார். நோயுற்றவனிடத்து அவர் எதிர்பார்ப்பவை இவை: கையிற் பொருள் இருத்தல் வேண்டும், மருத்துவன் காட்டிய வழியில் நிற்றல் வேண்டும், நோயின் நிலையை மறையாது உணர்த்தல் வேண்டும், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் வேண்டும். பேணுவோனுக்கோ நோயாளனிடத்து அன்பும், தூய்மையும், சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மையும், அறிவும் வேண்டும். பள்ளியில் இவ்வுரையைப் பயில்வோர் எண்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகின்றனர். மருத்துவரும் மருந்தும் இருந்தால் போதாதோ, மற்றைய இரண்டும் எதற்கு என்ற ஐயம் அவர்களுக்கு எழுவதில்லை. அவ்வையம் எழுதல் நன்று. அதற்கு விடையளிக்க வல்லது ஈளை நோய்.

ஈளை, இரைப்பு, இழுப்பு என்றெல்லாம் தமிழ்மக்கள் வழங்கும் பிணியை இக்காலத்தார் ஆஸ்துமா என்பர். அச்சொல் கிரேக்க மொழியில் மூச்சுத் திணறி இரைத்தலைக் குறிப்பது. மொழிகள் வேறாயினும் மக்கள் கண்ட துன்பம் ஒன்றே என்க. நாம் உள்ளிழுக்கும் காற்று, மரத்தின் அடியினின்று கிளைகளும் கொம்புகளும் பிரிவது போலப் பிரிந்து சிறுத்துச் செல்லும் குழல்களின் வழியே நுரையீரலின் நுண்ணறைகளை அடைகின்றது. ஈளை நோயுற்றாரிடத்து அக்குழல்களின் உட்சுவர் சிவந்து சிறிதே வீங்கிக் கிடக்கும். தூசியோ, புகையோ, குளிர்காற்றோ, சளிக்காய்ச்சலோ தீண்டிய அளவில் குழல்களைச் சூழ்ந்த தசைகள் இறுகும், கோழை பெருகும், வழி குறுகும். உள்ளே சென்ற காற்று வெளியேற மாட்டாது தவிக்கும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுகின்றது. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவது அன்று. சென்னையிலோ இதனைத் தூண்டுவனவற்றிற்குக் குறைவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த சுவர்களிற் படரும் பூஞ்சை, தீபாவளி வாணம், மார்கழிப் பனி, போகிப் புகை, தியாகராய நகர்ச் சாலைகளில் ஊர்ந்து செல்லும் வண்டிகளின் கரி, இரவெல்லாம் அறைக்குள் எரியும் கொசுவர்த்திச் சுருள் என ஆண்டு முழுதும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்துகொண்டே இருக்கும்.

இந்நோய்க்குரிய மருந்துகள் இருவகைப்படும். இறுகிய தசைகளைச் சில நிமிடங்களிலேயே தளர்த்தி மூச்சைத் திறந்துவிடுவது ஒருவகை. சல்பியூட்டமால் அத்தகையது. உட்சுவரின் வீக்கத்தை நாளடைவில் ஆற்றி, தாக்குதல் நேராதபடி காப்பது மற்றொரு வகை. உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்துகள் அவ்வகையின. அறைக்குள் ஒரு மூலையில் கந்தல் கனன்று புகைகின்றது என்று கொள்வோம். சாளரத்தைத் திறந்தால் புகை வெளியேறும், உள்ளிருப்போர் மூச்சுவிடுவர். ஆயினும் கனல் அவிந்தபாடில்லை. முதல்வகை மருந்து சாளரத்தைத் திறப்பது. இரண்டாவது கனலை அவிப்பது. இவ்விரண்டனுள் எதனை மக்கள் விரும்புவர்? கண்முன்னே பயன் தருவதனையே விரும்புவர். நாள்தோறும் காலையும் மாலையும் உறிஞ்ச வேண்டிய காப்பு மருந்தோ, உறிஞ்சிய அன்று எந்த மாறுதலையும் காட்டாது; விட்ட அன்றும் எந்தத் தீங்கையும் காட்டாது. நலமாயிருக்கும் நாளில் உண்ண வேண்டிய மருந்து இது. மனித மனத்திற்கு இதனினும் அரியதொரு கட்டளை உண்டோ?

மயிலையில் மாடவீதியை அடுத்த சந்தொன்றில் உள்ள ஒரு சிறுவீட்டை மனத்திற் கொள்வோம். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் சிறுமி ஒருத்தி, அவள் தம்பி, தாய் தந்தையர், பாட்டி ஆகிய ஐவர் அங்கு வாழ்கின்றனர். இத்தகைய வீடு ஒன்றல்ல. அடையாற்றிலும் தியாகராய நகரிலும் பல உண்டு. சிறுமிக்கு ஏழு வயது முதல் இழுப்பு உண்டு. மருத்துவர் இரண்டு இன்ஹேலர்களைக் கொடுத்து, ஒன்றை நாள்தோறும், மற்றொன்றை மூச்சுத் திணறும்போது மட்டும் உறிஞ்சுமாறு சொல்லியிருந்தார். இரண்டு மாதம் அவ்வாறே நடந்தது. இருமல் நின்றது, ஓட்டப்பந்தயத்தில் ஓடினாள், இரவில் அயர்ந்து உறங்கினாள்.

“பாட்டி, எனக்குத்தான் இப்போது ஒன்றும் இல்லையே!” என்றாள் ஒருநாள்.

“ஒன்றும் இல்லாதபோது மருந்து எதற்கு, கண்ணே? ஓயாமல் இழுத்தால் அது இல்லாமல் மூச்சே விட முடியாதபடி பழகிவிடும் என்று சொல்கிறார்களே” என்றார் பாட்டி.

அவ்வமயம் வந்திருந்த அத்தையோ, “அதை ஊரார் முன்னிலையில் எடுக்காதே, அம்மா. நாளைக்கு உனக்கு வரன் பார்க்கும்போது நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள்” என்றார்.

இவர்களுள் எவரும் கெடுமதி உடையவர் அல்லர். சிறுமியிடத்து அன்பு மிக்கவர்களே. ஆயினும் பரிமேலழகர் பேணுவோனுக்கு அன்பை மட்டும் கூறி அமையாது அறிவையும் சேர்த்துக் கூறியது ஏன் என்பது இங்கே விளங்கும். இன்ஹேலர் பழக்கத்திற்கு அடிமையாக்குவது அன்று. மாத்திரையாக உண்ணும் ஸ்டீராய்டு மில்லிகிராம் அளவில் உடல் முழுதும் பரவுகின்றது. உறிஞ்சும் மருந்தோ மைக்ரோகிராம் அளவில், வேண்டிய இடமாகிய மூச்சுக்குழலுக்கே நேரே செல்கின்றது. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம் என்பதை மாணவர் அறிவர். அது நோயின் முற்றிய நிலைக்கு உரிய கடைசி மருந்தும் அன்று. தொடக்க நிலைக்கே உரியது. மறைத்து வைக்கவேண்டிய பழியும் அதில் இல்லை. இவற்றை அவ்வீட்டார்க்கு அமர்ந்து எடுத்துரைத்தவர் ஒருவரும் இலர்.

சிறுமி காப்பு மருந்தை அலமாரியின் பின்புறத்தில் வைத்தாள். மற்றொன்றைப் புத்தகப்பைக்குள் மறைத்து, திணறும்போதெல்லாம் உறிஞ்சினாள். முதலில் வாரம் ஒருமுறை, பின்னர் நாள்தோறும், பின்னர் இரவில் இருமுறை. தந்தையார் கடையில் அதனையே மீண்டும் மீண்டும் வாங்கிவந்தார். உடனே பயன் தருவது அதுவன்றோ! போகியன்று விடியற்காலையில் வீதியெங்கும் பழம்பாயும் கந்தலும் எரிந்து புகை சூழ்ந்தபோது, பத்துமுறை உறிஞ்சியும் அவளுக்கு மூச்சுத் திறக்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே மூச்சு வாங்கினாள். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். உயிர்க்காற்று அளித்து, நெபுலைசர் வைத்து, ஊசி மருந்து ஏற்றிய பின்னரே பிழைத்தாள்.

எல்லோரும் இவ்வாறு பிழைப்பதில்லை. பிரிட்டன் நாட்டில் ஈளையால் நேர்ந்த 195 இறப்புகளை ஒவ்வொன்றாய் ஆய்ந்த அறிக்கை 2014-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடனடி மருந்து எத்தனை முறை எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற கணக்குக் கிடைத்தவர் 165 பேர். அவர்களுள் 65 பேர் இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டிற்கு மேற்பட்ட குப்பிகளைப் பெற்றிருந்தனர். காப்பு மருந்தைப் பெற்றோரோ மிகக் குறைவாகவே பெற்றிருந்தனர். கனடா நாட்டின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் செய்த ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓராண்டில் காப்பு மருந்து ஒரு குப்பி கூடுதலாய்ப் பயன்படுத்தப்படுந்தோறும் ஈளையால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்பது அதன் முடிபு. இந்தியாவில் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடையர் என மதிப்பிடுவர். உலகத்து ஈளை நோயாளருள் எட்டில் ஒருவரே இந்தியர். ஈளையால் மடிவோருள் ஐந்தில் இருவர்க்கு மேற்பட்டோர் இந்தியர் என்பது அம்மதிப்பீட்டின் மற்றொரு பகுதி. மருந்து நாட்டில் இல்லாமல் நேர்ந்த கேடு அன்று இது. மருந்து இருந்தும் நேர்ந்தது. உடனடி மருந்தை மட்டும் தனியே நம்பியிருத்தல் தகாது என்று உலக ஈளை நெறிமுறையாளர் 2019-ஆம் ஆண்டு முதல் அறிவுறுத்தி வருகின்றனர்.

சிறுமி கண் விழித்தபின் மருத்துவர் வந்து, “மருந்தை நாள்தோறும் எடுத்துக்கொண்டாயா, அம்மா?” என்று வினவினார். அவள் தாயை நோக்கினாள், பாட்டியை நோக்கினாள், “எடுத்துக்கொண்டேன்” என்றாள். நோய்நிலையை மறையாது உணர்த்தல் என்னும் இயல்பு இவ்வாறு பிறழ்ந்தது. இப்பொய் சிறிது போலத் தோன்றும். அதன் விளைவோ பெரிது. நாள்தோறும் மருந்து உறிஞ்சியும் இத்துணைக் கடுமையாய்த் தாக்கியது என்றால், மருத்துவர் இதனைக் கடும் ஈளை என்று கருத வேண்டிவரும்; மருந்தின் அளவைக் கூட்டுவார்; ஸ்டீராய்டு மாத்திரையை நீட்டிப்பார்; இறுதியில் இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் விலைமிக்க உயிரியல் ஊசிகளையும் எண்ணுவார். உண்மையிற் கடும் ஈளை உடையார் சிலர் உளர். அவர்களுக்கு அவ்வூசிகள் பெருவரமே. ஆயினும் கடும் ஈளை என்று பெயரிடுமுன், மருந்து முறையாக எடுக்கப்பட்டதா, உறிஞ்சும் முறை சரியானதா என்னும் இரண்டையும் ஆராய வேண்டும் என்பது மருத்துவ நெறி. அவ்விரண்டையும் திருத்திய அளவிலேயே ‘கடும் ஈளை’ பலரிடத்தில் எளிய ஈளையாய் மாறிவிடுகின்றது.

அம்மருத்துவர் அனுபவம் உடையவர். சினவாமல், “எல்லோருக்கும் சில நாள் விட்டுப்போவது உண்டு. உனக்கு வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகும்?” என்று வினாவை மாற்றினார். சிறிது நேரம் சென்றபின், “ஏழு நாளும்” என்று விடை வந்தது.

குற்றஞ்சாட்டாமல் வினவும் இம்முறை எங்கிருந்து வந்தது? நோயாளர் மருந்தை விட்டுவிடுவது கெட்ட குணத்தால் அன்று, மனித இயல்பால் என்பதை மருத்துவ உலகிற்குத் தெளிவாய்க் காட்டிய ஊர்களுள் சென்னை தலையாயது. அது ஈளையைப் பற்றி எழுந்த ஆராய்ச்சி அன்று, காசநோயைப் பற்றியது. இரண்டும் வெவ்வேறு நோய்கள். காசம் கிருமியால் தொற்றுவது. எனினும் மருந்தைத் தொடர்ந்து எடுத்தல் என்னும் ஒரு பொருளில் காசம் ஈளைக்கு ஆசிரியனாய் அமைந்தது.

அக்காலத்தில் காசநோயுற்றாரை வீட்டினின்று பிரித்து, காற்றோட்டமுள்ள தனி மருத்துவ நிலையங்களிற் பல மாதங்கள் வைத்து, ஓய்வும் நல்லுணவும் அளித்தல் முறையாயிருந்தது. தாம்பரத்தை அடுத்த தொடர்வண்டி நிலையம் இன்றும் ‘சானட்டோரியம்’ என்னும் பெயர் தாங்கி நிற்பது அம்முறையின் அடையாளம். நோயாளரோ பல்லாயிரவர், படுக்கைகளோ சில. 1952-ஆம் ஆண்டில் ஐசோநயாசிட் என்னும் மருந்தின் ஆற்றல் வெளிப்பட்டபின், வீட்டிலிருந்தபடியே மாத்திரை உண்டு குணமாக இயலாதா என்ற வினா எழுந்தது. அதற்கு விடை காண 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்து மருத்துவ நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். சேத்துப்பட்டில் உள்ள அந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குகின்றது.

நகரத்து ஏழை நோயாளர் 193 பேரை ஏறத்தாழச் செம்பாதியாய்ப் பிரித்தனர். யார் எப்பகுதி என்பதை ஒருவர் விருப்பும் வெறுப்பும் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறையே தீர்மானித்தது. ஒரு பகுதியினர் மருத்துவ நிலையத்தில் ஓய்வும் ஊட்டமும் பெற்றனர். மற்றொரு பகுதியினர் நெருக்கமான தம் குடிசைகளிலும் ஒற்றையறை வீடுகளிலும் இருந்துகொண்டு, கிடைத்ததை உண்டு, வேலையும் பார்த்தனர். மருந்து மட்டும் இரு பகுதியினர்க்கும் ஒன்றே. ஓராண்டு கழிந்தபின் பார்த்தபோது, நிலையத்திலிருந்தோருள் நூற்றுக்கு 92 பேரிடமும், வீட்டிலிருந்தோருள் நூற்றுக்கு 86 பேரிடமும் நோய் அடங்கியிருந்தது. நிலையத்தார் உடல் எடை மிகுதியாய்ப் பெற்றனர். ஆயினும் நோய் தீர்வதில் பெருவேற்றுமை இல்லை. வீட்டிலிருந்த குழந்தைகளுக்கும் பிறர்க்கும் அதனால் நோய் மிகுதியாய்த் தொற்றவும் இல்லை. 1959-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியானபோது உலகெங்கும் மருத்துவ முறை மாறத் தொடங்கிற்று. எளியோர் நிறைந்த நகரத்தினின்று செல்வ நாடுகள் கற்ற பாடம் இது.

ஆனால், வீட்டில் மருந்து உண்பதை அறிவது எங்ஙனம்? இங்குத்தான் அந்நிலையத்தாரின் நுண்மை விளங்குகின்றது. நோயாளர் சொல்லை மட்டும் நம்பி அவர்கள் அமையவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று மீதமுள்ள மருந்தை எண்ணினர். சிறுநீரைப் பெற்று, மருந்து உடலிற் கலந்திருப்பின் நிறம் மாறிக் காட்டும் சோதனையைச் செய்தனர். தவறாமல் உண்கிறோம் என்று கூறியவர்களுட் சிலர் உண்ணாதிருந்தமை வெளிப்பட்டது. யார் விடுவார், யார் விடார் என்பதை முகத்தைக் கண்டோ, படிப்பைக் கண்டோ, பேச்சைக் கண்டோ மருத்துவரால் முன்கூட்டி உணர முடியவில்லை. ஒழுங்கானவர் என்று கருதப்பட்டவரும் விட்டனர். பொறுப்பற்றவர் என்று கருதப்பட்டவரும் தவறாது உண்டனர். ஆகவே ஒருவரைத் தனியே பழித்துப் பயனில்லை என்பது தெளிவாயிற்று. நோயாளரை மாற்றுவதற்கு மாறாக, மருந்தளிக்கும் முறையை மாற்றினர். வாரம் இருமுறை மட்டும் நோயாளர் வருவதும், பணியாளர் முன்னிலையிலேயே மருந்தைப் பெறுவதுமான முறையை ஆய்ந்து, 1964-ஆம் ஆண்டில் அதன் வெற்றியை வெளியிட்டனர். பிற்காலத்தில் ‘டாட்ஸ்’ என்னும் பெயரால் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய நேர்முகக் கண்காணிப்பு முறைக்கு வித்திட்டவற்றுள் இது சிறந்தது. இந்திய அரசு 1997-ஆம் ஆண்டு முதல் அதனை நாட்டின் திட்டமாகவே மேற்கொண்டது. வள்ளுவர் கூறிய நான்காமவன் அரசின் பணியாளன் உருவில் வந்து நின்றான் எனலாம்.

இதே 1956-ஆம் ஆண்டில்தான் ஈளைக்குரிய இன்ஹேலரும் அமெரிக்க நாட்டில் விற்பனைக்கு வந்தது என்பது வியப்புக்குரிய ஒற்றுமை. ரைக்கர் ஆய்வகத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சன் என்பாரின் மகள் ஈளை நோயுடையவள், அகவை 13. அவள் பயன்படுத்தியது, கையால் அழுத்தும் பந்தொடு கூடிய, எளிதில் உடையும் கண்ணாடிக் கருவி. கூந்தலுக்குத் தெளிக்கும் நறுமணப் பொருளைக் குப்பியில் அடைப்பது போல மருந்தையும் அடைக்கலாகாதோ என்று அவள் தந்தையை வினவினாள். அவ்வினாவின் விளைவே இன்று உலகத்தார் கைப்பைகளில் இருக்கும் சிறுகுப்பி. நோயுற்ற சிறுமியர் வினாக்களைச் செவிமடுத்தல் தந்தையர்க்கு நன்று.

காசத்திற்குச் செய்த ஏற்பாட்டை ஈளைக்கு அவ்வாறே செய்துவிடலாமோ எனின், இயலாது. காச மருத்துவத்திற்கு ஒரு முடிவுநாள் உண்டு. சில மாதங்களில் முடியும். ஈளைக்கு முடிவுநாள் இல்லை. காலை மாலை இருவேளையும் பல்லாண்டுகள் ஒருவர் வீட்டு வாயிலில் எந்தப் பணியாளன் வந்து நிற்பான்? ஆதலின் நான்காமவர் வீட்டிற்குள்ளேயே தோன்றவேண்டும். அவர் காவலராய் இருத்தலும் ஆகாது. “மருந்து எடுத்தாயா?” என்று நாளெல்லாம் அதட்டினால், ‘எடுத்தேன்’ என்ற பொய்யே வளரும். பின்லாந்து நாட்டார் 1994-ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்து, மருத்துவர், செவிலியர், மருந்துக் கடைக்காரர் ஆகிய அனைவரையும் ஈளை நோயாளர்க்குக் கற்பிப்போராய் ஆக்கினர். அப்பத்தாண்டில் ஈளைக்காக மருத்துவமனையிற் கிடந்த நாட்களின் தொகை பாதிக்கும் கீழாய்க் குறைந்தது. அங்கு மருந்துக் கடைக்காரரும் நான்காமவருள் ஒருவரானார். நம் தெருமுனைக் கடைக்காரரும், ‘உடனடி மருந்தை இம்மாதத்தில் மூன்றாம் முறை வாங்குகிறீர்களே’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஓர் உயிர் தப்பக்கூடும்.

பரிமேலழகர் முதலிற் கூறிய பொருளுடைமையையும் மறத்தலாகாது. மாதந்தோறும் மருந்து வாங்க இயலாத வீட்டில், சொற்படி நிற்பாய் என்று அறிவுரை கூறுவது பசித்தவனுக்கு உண்ணும் முறை கற்பிப்பது போலாம். அடையாற்றை அடுத்து மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி 1958-ஆம் ஆண்டில் நிறுவிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் நிலையம், குடும்பத்தின் வருவாய்க்கு ஏற்பச் சிறுதொகை பெற்று மருத்துவம் அளிக்கும் முறையை அக்காலத்திலேயே வகுத்தது. தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், நீரிழிவுக்கும் மிகை இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு சேர்க்கின்றது. அரசு மருத்துவமனைகளில் மருந்துக்கு விலை இல்லை. ஆனால் ஒருநாட் கூலியை இழந்து வரிசையில் நிற்பது கூலியாளர்க்கு விலையே ஆகும். ஐதராபாத்தில் ஆண்டுதோறும் சூன் மாதத்தில் உயிருள்ள சிறு விரால் மீனோடு அளிக்கப்படும் மருந்தை விழுங்கப் பல மாநிலத்தார் நெடுந்தொலைவு செல்வர். அத்துணைத் தொலைவு செல்லும் ஊக்கம் உடையாரைச் சோம்பர் என்று எவர் கூறுவர்? ஒருநாளில் முடியும் மருந்தை மனம் நாடுகின்றது. நாள்தோறும் தொடரும் மருந்தைக் கண்டு அஞ்சுகின்றது. ஐதராபாத்துக்குச் சென்று வந்த நம்பிக்கையால் காப்பு மருந்தை நிறுத்துவதே பெருந்தீங்கு.

மருத்துவமனையினின்று சிறுமியை வீட்டிற்கு அனுப்புமுன், மருத்துவர் பாட்டியையும் தந்தையாரையும் உடன் அமர்த்தினார். சிறுமியை உறிஞ்சிக் காட்டச் சொன்னார். அவள் குப்பியைக் குலுக்கவில்லை; மூச்சை வெளியே விடவில்லை; அழுத்திய பின்னரே மூச்சை இழுத்தாள். மருந்து நாவிலும் தொண்டையிலும் படிந்ததேயன்றி மார்பிற் சேரவில்லை. குப்பியைக் குலுக்கி, மூச்சை முற்றும் வெளியே விட்டு, மெல்ல இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும் வரை அடக்கிவைக்கும் முறையைக் கற்பித்தார். அழுத்துதலும் இழுத்தலும் ஒன்றுபடாதார்க்கு உதவும் ஸ்பேசர் என்னும் உருளையையும் கொடுத்தார். உறிஞ்சியபின் வாய் கொப்பளிக்க வேண்டும். இன்றேல் வாயில் வெண்புண் தோன்றக்கூடும். அதனால் இன்ஹேலரைப் பல் துலக்கும் தூரிகையோடு ஒன்றாய் வைத்துவிட்டால், ஒன்று மற்றொன்றை நினைவூட்டும் என்றார்.

மாலை வேளைக்கு என் செய்வது என்ற வினாவிற்குப் பாட்டியே விடை கூறினார். “விளக்கேற்றும் நேரத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அப்போது அவளைக் கூப்பிடுகிறேன்” என்றார். சாம்பிராணி போடுவதை நிறுத்துவதாகவும் அவரே சொன்னார். குப்பியின் முதுகில் உள்ள எண்காட்டியைத் தம்பி கண்டுபிடித்தான். புதுக்குப்பியில் 120 என்று இருக்கும். வேளைக்கு இருமுறையாக நாளொன்றுக்கு நான்கு குறையும். முப்பதாம் நாள் குப்பி தீரும். “இதைப் பார்ப்பது என் வேலை” என்றான் அவன். “பார்ப்பது மட்டுமே, அக்காவைத் திட்டுவது உன் வேலை அன்று” என்றார் மருத்துவர். அத்தைக்கு என்ன சொல்வது என்பதே எஞ்சியது. தாய் சிறிது நேரம் எண்ணி, “மருந்து எடுத்துக்கொள்ளும் பெண் வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்கு என் பெண் போக வேண்டியதே இல்லை” என்றார்.

ஓராண்டு கழிந்தது. புத்தாண்டின் முதல்நாட் காலையில் அவள் புதுக்குப்பி ஒன்றைத் திறந்திருந்தாள். ஜனவரி 13-ஆம் நாள் மாலை. மறுநாள் விடியலில் போகி. வீதியிற் பிள்ளைகள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தனர். பாட்டி சாளரங்களை அடைத்துக் கதவின் கீழ் ஈரத்துணியைத் திணித்தபின் விளக்கேற்றினார். சிறுமி மருந்தை உறிஞ்சி வாய் கொப்பளித்து வந்தாள்.

“எண் எவ்வளவு, அம்மா?” என்றார் பாட்டி.

தம்பி விரல்விட்டு எண்ணி, “பதின்மூன்று நாள், ஐம்பத்திரண்டு போக அறுபத்தெட்டு இருக்க வேண்டும்” என்றான்.

சிறுமி குப்பியைத் திருப்பிப் பார்த்தாள். “எழுபது இருக்கிறது, பாட்டி. செவ்வாய்க்கிழமை மாலை அரங்கேற்றம் பார்க்கப் போனோமே, அன்று ஒருவேளை மறந்துவிட்டேன்” என்றாள்.